சட்டிக்குச் சட்டி

எங்கள் ஸ்ரீவைகுண்டம் வீட்டுப் பூஜை அறையில், வாயை அடைத்துப் பற்றவைத்த சின்னச் செப்புச் சொம்பு ஒன்று இருந்தது. என் பாட்டியின் தாயார் 1923-இல் பத்ரிநாத்துக்கு நடந்து போய்விட்டுத் திரும்பியபோது ஹரித்வாரில் எடுத்த கங்கை. புறப்படுமுன் நகைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் விடைபெற்றுக்கொண்டாராம். திரும்பி வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் "சட்டிக்குச் சட்டி நடந்தா" என்பாள். "ஒரு சட்டியில் சமையல், அடுத்த சட்டியில் படுக்கை." சிறுவனாக இருந்த எனக்கு ஒன்றும் விளங்காது. கொள்ளுப்பாட்டி தலையில் மண்சட்டிகளை அடுக்கிக்கொண்டு இமயமலை ஏறியதாக நினைத்துக்கொள்வேன்.

மலையில் யாத்ரீகர்கள் தங்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர் என்பது வெகு காலம் கழித்துத் தெரிந்தது. கர்வால் மலைப்பாதையில் இரண்டு மூன்று மைலுக்கு ஒரு சட்டி. புல் வேய்ந்த நீளமான கொட்டகை, ஓரத்தில் ஒரு மளிகைக் கடை, பக்கத்தில் ஓடைத் தண்ணீர். கதவு கிடையாது. தங்குவதற்கு வாடகையும் கிடையாது. அரிசி, மாவு, பருப்பு, நெய், விறகு இவற்றைக் கடைக்காரரிடம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். சமைக்கப் பாத்திரமும் அவரே கொடுப்பார். அவரவர் அடுப்பு, அவரவர் சமையல்.

இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு கூடுகிறது. வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் வருகிறவர்கள். ஒருவர் கை தொட்டதை இன்னொருவர் உண்ணாத காலம். கொள்ளுப்பாட்டியோ மடி ஆசாரத்தில் ஊறிய விதவை. சமைத்த சாதத்தை விற்றிருந்தால் அவர் பட்டினிதான் கிடந்திருப்பார். அரிசியை விற்று அடுப்பைச் சும்மா கொடுத்ததால்தான் அத்தனை பேரும் ஒரே கூரைக்கடியில் உண்டு உறங்க முடிந்தது. சித்திரை வளர்பிறையில் அட்சய திருதியையை ஒட்டிக் கோயில்கள் திறக்கும். தீபாவளியை அடுத்துப் பனி தொடங்கச் சாத்துவார்கள். அந்த ஆறு மாத விற்பனைதான் மலைக் கிராமத்துக் கடைக்காரருக்கு வருஷச் சாப்பாடு.

பாதை இன்னொரு விதத்திலும் தர்மத்தில் நின்றது. சதாவர்த்தம் என்று சில கிராமங்களின் வரி வருமானம் யாத்ரீகர் அன்னதானத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 1820களின் பிற்பகுதியில் குமாவுன் கமிஷனர் டிரெய்ல் அந்தப் பணத்தைக் கொண்டுதான் ஒழுங்கான நடைபாதை போடத் தொடங்கினார். அதே நூற்றாண்டின் கடைசியில், கறுப்புக் கம்பளி போர்த்திய ஒரு துறவி, காலி கம்ளிவாலா பாபா, செல்வந்தர்களிடம் யாசித்து வழியெங்கும் தர்மசாலைகள் எழுப்பினார். ரிஷிகேசத்துக்கு மேலே சணல் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த லட்சுமண் ஜூலாவுக்குப் பதில் 1889-இல் இரும்புக் கம்பிவடப் பாலம் வந்தது. கல்கத்தா வணிகர் ஒருவர் கட்டிக் கொடுத்தது. கொள்ளுப்பாட்டி கடந்தது அதைத்தான். மறுவருஷமே, 1924 வெள்ளத்தில், அது போய்விட்டது.

வைணவர்களான எங்களவர்களுக்கு இந்த வழி பாசுரத்தில் பழகிய வழி. தேவப்பிரயாகை என்றால் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமடம் திருப்பிரிதி, பத்ரி வதரியாச்சிரமம். சைவர்களுக்குக் கேதாரம் உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே அதைப் பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். பாசுரத்தில் கேட்டே பழகிய பெயர்கள் ஒவ்வொன்றாக எதிரே கல்லும் நீருமாக வந்தபோது தன் அம்மா அழுதாள் என்று பாட்டி சொல்வாள்.

அழுகைக்கு இணையாகப் பயமும் இருந்தது. ருத்ரப்பிரயாகைப் பக்கம் ஒரு சிறுத்தை மனிதர்களைத் தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1918-லிருந்து எட்டு வருஷத்தில் அரசாங்கக் கணக்குப்படியே 125 பேர். கதவில்லாத கொட்டகை, பொழுது சாய்ந்தால் வெளியே போகக் கூடாது. கூட வந்த ஆண்கள் வாசலோரம் நெருப்பு மூட்டி முறைவைத்து விழித்திருப்பார்களாம். 1926 மே மாதம் கோலாப்ராய் சட்டியருகே, ஒரு மாமரத்தில் உட்கார்ந்து ஜிம் கார்பெட் அதைச் சுட்டார். சிறுத்தையால் செத்தவர்களைவிடக் காலராவில் செத்த யாத்ரீகர்கள் பல மடங்கு என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு சட்டிகளுக்கு இடையே விழுந்தவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

1962 சீனப் போருக்குப் பிறகு எல்லைக்கு ராணுவம் போகச் சாலை வேண்டியிருந்தது. பத்ரி வரை பஸ் வந்தது. யாத்ரீகர் காலால் நடந்த வழியில் சட்டிகள் ஒவ்வொன்றாக அவிந்தன. பெயர்கள் மட்டும் தங்கின: ஹனுமான் சட்டி, ஜானகி சட்டி. நான் 2009-இல் திவ்யதேச யாத்திரைக் குழுவோடு ரிஷிகேசத்திலிருந்து இரண்டே நாளில் பத்ரி சேர்ந்தேன். தரிசனம் கிடைத்தது, ஆனால் கண்டமும் பிரிதியும் ஜன்னலில் ஓடி மறைந்தன.

கேதாரத்துக்கு மட்டும் அப்போதும் கௌரிகுண்டிலிருந்து 14 கிலோமீட்டர் நடை. 3,583 மீட்டர் உயரம். பாதி வழியில், மந்தாகினிக் கரையில் ராம்பாடா என்று ஒரு சின்னக் கடைவீதி. இருட்டிவிட்டதால் ஒரு டீக்கடையில் தங்கினோம். காலையில் கணக்குப் பார்த்தபோது ரொட்டிக்கும் பருப்புக்கும் மட்டும் காசு வாங்கினார் கடைக்காரர். படுத்த இடத்துக்கும் போர்த்திய ரஜாய்க்கும் நீட்டிய பணத்தைத் தள்ளிவிட்டார். "இங்கேதானே சாப்பிட்டீர்கள்?" கொள்ளுப்பாட்டியின் சட்டியில் ஓர் இரவு தூங்கியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த மலையில் வெள்ளம் புதிதல்ல. 1893-இல் மலை சரிந்து பிரஹி கங்கையை அடைத்தது. கோனா என்று பெரிய ஏரியே உண்டாயிற்று. உடைந்தால் அலக்நந்தா வழியெல்லாம் அழிவு. ஏரிக்கரையிலிருந்து கீழே வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். வெள்ளம் எட்டும் உயரத்தைத் தூண் நட்டுக் காட்டினார்கள், பாலங்களைக் கழற்றினார்கள். 1894 ஆகஸ்ட் 25 இரவு ஏரி உடைந்து கர்வாலின் ஸ்ரீநகர் நகரமே அடித்துப் போனது. இறந்தவர்கள் ஐந்தே பேர். எச்சரித்தும் திரும்பி வந்து அணையடியில் தங்கிய ஒரு பக்கிரியும் அவர் குடும்பமும்.

2013 ஜூன் 16, 17 வெள்ளத்தின்போது அப்படியொரு எச்சரிக்கை வழியில் இருந்தவர்களை எட்டவில்லை. இரண்டாம் நாள் காலை கேதாரத்துக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 5,000-க்கு மேல். டீவியில் கோயில் நிற்பதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் ராம்பாடா என்ற பெயர் வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

2017-இல் மறுபடி போனேன். பழைய பாதை போய்விட்டதால் ராம்பாடாவுக்கு மேலே புதுப்பாதை எதிர்க்கரையில் ஏறுகிறது, நடையும் கூடிவிட்டது. கோவேறு கழுதையை ஓட்டிவந்த பையனிடம் கடைவீதி எங்கே என்று கேட்டேன். அவன் நிற்காமல் கையை மட்டும் நீட்டினான். ஆற்றுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பாறைகள் கிடந்தன. எந்தப் பாறைக்குக் கீழே அந்த அடுப்பு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் வந்தவர்கள் வழி கேட்டார்கள், ஒதுங்கிக் கொடுத்தேன்.