பெயர் அறியாத கைகள்

சென்ற ஆண்டு அறுவைச் சிகிச்சையின் பொருட்டுப் பதினோர் இரவுகள் மருத்துவமனையில் கிடந்தோம். இரவுப் பணியில் இருந்த செவிலி ஒருவர், நம் சமயத்தைச் சேர்ந்தவர் அல்லர். எனினும் விடியலில் பக்கத்துப் பள்ளிவாசலின் பாங்கு கேட்டதும் நம் கட்டிலருகே வந்து, "பாய், பாங்கு சொல்லிட்டாங்க" என்று மெல்ல எழுப்புவார். சிறு பாத்திரத்தில் நீர் கொணர்ந்து, ஊசி குத்தியிருந்த கை நனையாதவாறு தாமே பிடித்துக்கொள்வார். வீடு திரும்பும் நாளில் நன்றி சொல்ல அவரைத் தேடினோம். அவரது பணிநேரம் முடிந்துவிட்டிருந்தது. பெயரைக்கூட நாம் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஓய்வில் இருந்த நாட்களில் நம் கை பழைய ஏடுகளையே நாடிற்று. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் 'அல்அதபுல் முஃப்ரத்' நூலில் ருஃபைதா (ரலி) அம்மையாரைப் பற்றிய செய்தி உண்டு. பல ஆண்டுகள் மாணவர்க்கு ஓதிக்கொடுத்த செய்திதான். நோயாளியாக இருந்து படித்தபோதுதான் அதன் பொருள் நெஞ்சில் இறங்கியது.

ஹிஜ்ரீ 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் அவ்ஸ் குலத் தலைவர் ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. குருதி நிற்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பாமல், மதீனத்துப் பள்ளிவாசலிலேயே இருந்த ஒரு கூடாரத்தில் வைக்கச் செய்தார்கள். அக்கூடாரம் அஸ்லம் குலத்துப் பெண்மணி ருஃபைதாவுடையது என இப்னு இஸ்ஹாக் குறிக்கிறார். காயம்பட்டோருக்கு மருந்திடுவதும், ஆதரவற்றோருக்கு இறைவனிடம் மட்டுமே கூலியை நாடிப் பணிசெய்வதும் அவரது வழக்கம். நபிகளார் காலையில் அவ்வழியே செல்லும்போது, எப்படி விடிந்தது என்று ஸஃதிடம் கேட்பார்கள். மாலையிலும் அவ்வாறே நலம் விசாரிப்பார்கள். ஸஃது பிழைக்கவில்லை. சில வாரங்களில் புண் மீண்டும் உடைந்து இறையடி சேர்ந்தார். ஆயினும் அந்நாட்களில் அவரைப் பேணிய பெண்ணின் பெயரை வரலாறு கைவிடவில்லை. தொழுகை நடக்கும் இடத்திலேயே அவரது கூடாரம் இருந்தது என்பதையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

நோயாளி ஒருவரின் நன்றி கட்டடமாகவே எழுந்ததும் உண்டு. சுல்தான் பைபர்ஸ் காலத்தில் அமீராக இருந்த கலாவூன், திமிஷ்கு நகரில் கடுஞ்சூலையால் துடித்தார். கி.பி. 1154இல் நூருத்தீன் ஸங்கீ நிறுவிய மருத்துவமனையிலிருந்து வந்த மருந்துகளால் குணமடைந்தார். பின் தாமே நேரில் சென்று அவ்விடத்தைக் கண்டு வியந்து, தமக்கு ஆட்சி கிட்டுமாயின் இத்தகைய ஒன்றைக் கட்டுவேன் என நேர்ந்துகொண்டார் என்று மக்ரீஸீ எழுதுகிறார். கி.பி. 1279இல் ஆட்சி கிட்டியது. ஹிஜ்ரீ 683இல் (கி.பி. 1284) காஹிராவில் மன்ஸூரீ பீமாரிஸ்தான் நிறைவுற்றது. அரசனுக்கும் அடிமைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொதுவென வக்ஃபு செய்யப்பட்டது. காய்ச்சல், கண்நோய், வயிற்றுப்போக்கு, காயம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி. ஒவ்வொரு நோயாளிக்கும் உணவு தனிக் கலத்தில் மூடி வரவேண்டும். கோடையில் ஓலை விசிறி வேண்டும் என்று வக்ஃபுப் பத்திரம் விதிக்கிறது. விசிறியை நினைத்து விதி எழுதியவர் ஒருகாலத்தில் வியர்த்துக் கிடந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

கட்டுமானத்தில் குறையில்லாமல் இல்லை. மேற்பார்வையிட்ட அமீர், வழிப்போக்கரையும் வற்புறுத்திக் கல் சுமக்கச் செய்தார். பேணுதலுள்ள ஆலிம்கள் அதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அதை மறைத்து எழுதுவது சரித்திரம் ஆகாது.

அங்கே நோயாளரைப் பராமரிக்க ஆண்களும் பெண்களும் ஊதியத்துடன் நியமிக்கப்பட்டனர். சுல்தானின் பெயர் வாயிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்பெண்களில் ஒருவர் பெயரையும் நாம் எங்கும் கண்டதில்லை.

இவற்றை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவாசி ஒருவர், தம் மூத்த மகள் செவிலியர் படிப்புக்கு ஆசைப்படுவதாகக் கூறி நம் கருத்தைக் கேட்டார். இரவுப் பணி, அந்நிய ஆண்கள் என்று அடுக்கி, வேண்டாம் என்றோம். நம் சொல்லை மார்க்கத் தீர்ப்பாகவே ஏற்று அவர் திரும்பிச் சென்றார். அன்று காலைதான் மாணவர்க்கு அந்த ருஃபைதாவின் செய்தியை ஓதிக்கொடுத்திருந்தோம். ஏழு போர்களில் உடன்சென்று நோயுற்றோரைப் பேணிய உம்மு அத்திய்யா (ரலி) அவர்களையும் நாம் அறியாதவர் அல்லோம். ஊரார் நாவுக்கு அஞ்சியே அவ்வாறு சொன்னோம். கிதாபு அப்படிச் சொல்லவில்லை.

அப்பெண் மணமாகி வேற்றூர் சென்றுவிட்டாள். அவளுடைய தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள் என்று கேள்விப்பட்டோம். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், அழைப்பை எதிர்பாராமல், அவர் வீட்டுக்குச் செல்லவிருக்கிறோம்.