வெள்ளம்

வெள்ளம் என்பது ஆறு, ஏரி, கடல் போன்றவற்றின் நீர் வழக்கமான எல்லையைக் கடந்து பெருகுவதைக் குறிக்கும் சொல். நீர், நீரின் ஆழம், கடல், மிகுதி, ஒரு பேரெண் ஆகிய பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. இன்றைய செய்தி வழக்கில் அது பெரும்பாலும் பேரிடரின் பெயராகவே ஒலிக்கிறது. ஆனால் தமிழில் இச்சொல்லின் நெடிய வரலாற்றைப் பார்த்தால், அது முதன்மையாகப் பெருக்கத்தின் பெயர் என்பது புலப்படும். அழிவு அதன் பல பொருள்களில் ஒன்று மட்டுமே.

இனமொழிகளில்

தமிழில் வெள்ளம் பெருகிய நீரைக் குறிக்க, மலையாளத்தில் அதே சொல் குடிக்கும் தண்ணீரையே குறிக்கிறது. அன்றாட நீருக்கு அச்சொல் நிலைத்துவிட்டதால், ஆறு பெருகுவதைச் சொல்ல மலையாளிகள் ‘வெள்ளப்பொக்கம்’ என்கிறார்கள். பொக்கம் என்றால் உயரம். கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924இல் கேரளத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தை ‘தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்’ என்று அவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 2018 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்திற்கு ‘பிரளயம்’ என்ற பெயர் நிலைத்தது. தெலுங்கின் ‘வெல்லுவ’, துளுவின் ‘பொள்ள’ ஆகிய சொற்கள் பெருநீரையே குறிக்கின்றன.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ் பேசுவோரும் தண்ணீரை ‘வெள்ளம்’ என்பதுண்டு. அங்கே விருந்தினர் “கொஞ்சம் வெள்ளம் தாங்க” என்று கேட்டால் அதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்தில் மழை பெய்து ஒழுங்கையில் தேங்கும் நீரும் வெள்ளம்தான். அதை வடியவிடும் வாய்க்காலுக்கு ‘வெள்ள வாய்க்கால்’ என்று பெயர்.

பழந்தமிழ் நூல்களில்

திருக்குறள் இச்சொல்லைப் பல நிலைகளில் கையாள்கிறது. ஊக்கமுடைமை அதிகாரத்தின் 595ஆம் குறளில் வெள்ளம் என்பது குளத்து நீரின் ஆழம். நீர் எவ்வளவோ அவ்வளவே பூவின் தண்டும் நீளும் என்பது அங்கே உவமை. இடுக்கணழியாமை அதிகாரத்தின் 622ஆம் குறளில் அது கரைகடந்து வரும் துன்பத்திற்கு உவமையாகிறது. காமத்துப்பாலின் 1170ஆம் குறளில் பிரிவில் வாடும் தலைவியின் கண்கள் நீந்தும் கண்ணீராகிறது. நீர், துயரம், கண்ணீர் என இன்று நாம் பேசும் பொருள்களில் பல, ஒரே நூலுக்குள் அன்றே இடம்பெற்றுவிட்டன.

பெருகிவரும் ஆற்றுநீருக்கு அக்காலத்தில் புனல், நீத்தம் போன்ற சொற்களும் இருந்தன. பரிபாடலின் வையைப் பாடல்கள் புதுப்புனல் வருவதை ஊரே கூடிக் கொண்டாடும் விழாவாகக் காட்டுகின்றன. ஆறு பெருகும் செய்தி கேட்டு மக்கள் கரைக்கு விரைகிறார்கள், நீராடுகிறார்கள். கரை உடைந்து பறை முழங்கினால் அடைக்கவும் ஓடுகிறார்கள். ஒரே நீர் விழாவையும் வேலையையும் சேர்த்தே கொண்டுவந்தது.

எண்ணுப்பெயர்

எண்ணிக்கைக்கு அடங்காத அளவைச் சொல்லப் பழந்தமிழர் நீரோடு தொடர்புடைய பெயர்களை எடுத்துக்கொண்டனர். தாமரை, ஆம்பல், சங்கம், வெள்ளம் ஆகியவை பேரெண்கள். ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப்பெயர்களைத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் குறிப்பிடுகிறது. உரையாசிரியர்கள் அவற்றுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். உலகம் தோன்றி ஒடுங்கும் நெடுங்காலத்தைப் பேசும் பரிபாடலின் இரண்டாம் பாடலிலும் வெள்ளம் இடம்பெறுகிறது. பதிற்றுப்பத்தில் கபிலர், செல்வக்கடுங்கோ வாழியாதன் ஆயிரம் வெள்ளம் ஊழிக்காலம் வாழவேண்டும் என வாழ்த்துகிறார். கம்பராமாயணத்தில் இராமனுக்குத் துணைநின்ற வானரப் படை எழுபது வெள்ளம்.

‘மக்கள் வெள்ளம்’ என்று இன்று நாளிதழ் எழுதும்போது அது புது உருவகம்போலத் தோன்றுகிறது. உண்மையில் எண்ணமுடியாத கூட்டத்தை வெள்ளத்தால் அளந்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சிதான் அது.

தொன்மமும் ஊர்ப்பெயரும்

ஊழிவெள்ளத்தின் நினைவு சோழநாட்டு ஊர்களில் தங்கியிருக்கிறது. சீர்காழியின் 12 பெயர்களுள் ஒன்று தோணிபுரம். உலகை நீர் சூழ்ந்தபோது சிவன் தோணியில் வந்து தங்கிய இடம் என்பது தலக்கதை. அக்கோயிலில் தோணியப்பருக்கு உயர்ந்த தளத்தில் தனிச் சன்னிதி உண்டு. கும்பகோணத்தின் பெயரையும் ஊழிநீரில் மிதந்துவந்த கும்பத்தோடு இணைப்பார்கள். கடல் நிலத்தைக் கொள்வதற்குக் ‘கடல்கோள்’ என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த பேரலையைக் குறிக்க ‘சுனாமி’, ‘ஆழிப்பேரலை’ ஆகிய சொற்கள் பரவின.

மதுரையின் கதை வேறுவகை. வைகை கரையை உடைத்தபோது, கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்து, பிட்டை ஊதியமாகப் பெற்று மண் சுமந்தார். ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் இது நிகழ்த்திக் காட்டப்படுகிறது. கரை காப்பது ஊர் முழுவதற்கும் உரிய கடமை, கடவுளுக்கும் அதில் விலக்கில்லை என்பதே இக்கதையின் சாரம்.

ஆற்றங்கரை வழக்கு

காவிரிக் கரையில் ஆடி 18 ‘ஆடிப்பெருக்கு’. பெருகிவரும் ஆற்றைத் தாயாக எண்ணி, காதோலை கருகமணி வைத்துப் படைத்து, சித்திரான்னம் உண்டு மகிழும் நாள் அது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அந்த நாளில் வீராணம் ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. முதல் பாகத்தின் பெயரே ‘புது வெள்ளம்’.

ஆற்றைப் பார்த்தவர்களின் பேச்சில் வெள்ளத்துக்குப் பல படிகள் உண்டு. தண்ணீர் வரும், பெருகும், இரு கரையும் தொட்டு ஓடும், நுங்கும் நுரையுமாகப் புரளும், கரை உடைக்கும், பிறகு வடியும். மிஞ்சிய நீர் வெளியேறும் வழிக்கும் வட்டாரத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. வடமாவட்டங்களில் ஏரி ‘கோடி போகும்’. நெல்லைச் சீமையில் குளம் ‘மறுகால் பாயும்’. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய் ‘கலுங்கு’ வழியே வெளியேறும். ஈழத்தில் குளம் ‘வான் பாயும்’, அதன் கதவு ‘வான்கதவு’. காவிரியின் மிகைநீரைத் தாங்கும் ஆற்றுக்குக் கொள்ளிடம் என்றே பெயர். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரிகளைக் கவனிக்கத் தனியாக ‘ஏரி வாரியம்’ இருந்ததைக் காட்டுகிறது.

பழமொழிகள்

வெள்ளப் பழமொழிகள் பெரும்பாலும் காலம் தவறாமையைக் கற்பிக்கின்றன. “வெள்ளம் வருமுன் அணை போடு” என்பது முன்னெச்சரிக்கை. “அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது” என்பது கைநழுவியதைப் பற்றியது. “தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன” என்பது அளவு பார்க்கும் கட்டம் கடந்துவிட்ட நிலை. “புதுவெள்ளம் வந்து பழைய வெள்ளத்தையும் அடித்துக்கொண்டு போயிற்று” என்றால், வந்த ஆதாயம் இருந்ததையும் இழக்கச் செய்தது என்று பொருள். இவற்றுக்கிடையே “சிறுதுளி பெருவெள்ளம்” மட்டும் வெள்ளத்தைச் செல்வமாகப் பார்க்கிறது. பள்ளிச் சேமிப்பு உண்டியல்வரை புழங்கும் பழமொழியும் இதுவே.

இன்றைய வழக்கு

உருவக வழக்கில் நன்மையும் தீமையும் கலந்தே உள்ளன. கோயில் ஒளிவெள்ளத்தில் திகழும், கச்சேரி இசைவெள்ளத்தில் ஆழ்த்தும், அடியார் இன்பவெள்ளத்தில் திளைப்பார். விபத்துச் செய்தியில் ஒருவர் இரத்தவெள்ளத்தில் கிடப்பார், இழவு வீடு கண்ணீர் வெள்ளத்தில் மிதக்கும். எதுவாயினும் அடங்காத மிகுதியே பொதுப்பொருள்.

அரசு வழக்கில் வெள்ளம் அளவுக்கு உட்படுகிறது. வெளியேறும் நீரை வினாடிக்கு இத்தனை கன அடி என்பார்கள். 71 அடி உயரமுள்ள வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதற்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். வெள்ளத் தடுப்பு, வெள்ள நிவாரணம், வெள்ளச் சமவெளி போன்றவை இவ்வழியே வந்த தொடர்கள்.

நகர வெள்ளத்திற்கு நாளிதழ்கள் எழுதும் சொல் ‘வெள்ளக்காடு’. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகிச் சென்னை வெள்ளக்காடானது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோர ஊர்கள் மூழ்கின. அத்தகைய மழையை எந்தக் கால்வாயும் முழுதாகத் தாங்கிவிடாது. ஆனால் கோடியும் மறுகாலும் அடைபட்ட இடத்தில் சிறுமழையும் வெள்ளமாகிவிடும்.

நீர் மிகுவதும் குறைவதும் மழையின் போக்கு. அது பெருக்காக வந்து போவதும் அழிவாக நின்றுவிடுவதும் அது செல்லும் வழியைப் பொறுத்தது. அந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் நம் முன்னோர் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் ஏரியின் மிகைநீர் எந்தப் பக்கம் போகும், அந்த இடத்தின் பெயர் என்ன என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.