படுவான்கரையில் சைக்கிள் பயணம்: வெயிலும் யானையும் விட்டுவைக்கும் நேரம்

லடாக்கின் மணாலி–லே வீதியில் சைக்கிள் ஓடப் போகிறவர்கள் முதலில் தூரத்தைப் பார்ப்பதில்லை. அடுத்த தண்ணீர் எங்கே என்பதைத்தான் பார்க்கிறார்கள். 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்த வீதியில் சார்ச்சு, பாங் போன்ற இடங்களில் கோடையில் மட்டுமே கூடாரக் கடைகள் இருக்கும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் அந்த உயரமும் குளிரும் இல்லை. ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் கணக்கு ஏறக்குறைய அதேதான்.

எழுவான்கரையில் திட்டம் பெரிதாகத் தேவையில்லை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கல்முனை வரை கடைக்குக் கடை இருக்கிறது. வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுக்குப் போனதும் நிலைமை மாறும். கொக்கட்டிச்சோலை, பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் போன்ற ஊர்களுக்கிடையே வயலும் வெளியும்தான். நிழல் குறைவு. வெயிலில் ஒரு மணித்தியாலம் மிதித்தால் அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். மூன்று லீற்றர் கொண்டுபோய், ஊருக்கு ஊர் நிரப்பிக்கொள்வது நல்லது.

சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. வெயிலுக்குப் பயந்தால் விடிய முன்னரே புறப்பட வேண்டும். உன்னிச்சை, வெல்லாவெளிப் பக்கம் அதைச் செய்யக் கூடாது. இருட்டு விலகாத நேரமும் பொழுது சாயும் நேரமும் அங்கு யானை நடமாடும் நேரம். சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் யானைக்கும் நமக்கும் ஒருவரையொருவர் முன்கூட்டித் தெரிய வழியில்லை. முதல்நாள் மாலையே கடையிலோ வயலிலோ நிற்பவரிடம், எந்தப் பக்கம் யானை இறங்குகிறது என்று கேட்டுவிடுங்கள். எந்த வரைபடச் செயலியும் இதைச் சொல்லாது.

ஆக, காலை ஆறரை முதல் பத்தரை வரை, பிற்பகல் மூன்றரை முதல் ஐந்தரை வரை ஓடலாம். ஆறு மணித்தியாலம்தான். கிரவல் வீதி, இளைப்பாறல், பஞ்சர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் திட்டமிட வேண்டாம். கச்சான் மேற்கிலிருந்து வருவதால், காற்று ஏறுவதற்கு முன் காலையில் உன்னிச்சைப் பக்கம் போய், பிற்பகலில் வாவியை நோக்கித் திரும்பினால் காற்றே தள்ளிவிடும். திசையை மாற்றிப் போட்டால் பாதித் தூரத்திலேயே கால் விட்டுவிடும்.

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் படகுப் பாதையில் சைக்கிளோடு கடக்கலாம். பலத்த காற்றிலும் வெள்ளத்திலும் பாதை ஓடாது. அப்போது பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வர வேண்டும். அந்த மேலதிக தூரத்தை அன்றைய கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். கரையில் வந்து நின்று யோசித்தால் பொழுது சாய்ந்துவிடும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இந்தக் கவலை இல்லை.

மாதம் என்றால் பெப்ரவரி, மார்ச். மழை விட்டிருக்கும், குளங்களில் தண்ணீர் நிற்கும். அறுவடைக் காலம் என்பதால் வீதியில் நெல் காயும். இறங்கி உருட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை. நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம். 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்தவர்கள் இங்கு குறைவு.

மெல்லிய ரயர் போட்ட வெளிநாட்டுச் சைக்கிளை விட, 28 அல்லது 26 அங்குலச் சாதாரண சைக்கிள் மேல். அதற்குரிய ரியூப் கிராமத்துத் திருத்தகத்திலும் கிடைக்கும். ஒரு பம், இரண்டு ரியூப், ஒட்டும் சாமான், சங்கிலி கழற்றும் கருவி போதும். நெருஞ்சி முள் குத்தினால் ரயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து முள்ளை எடுத்த பிறகே புது ரியூப்பை மாட்டுங்கள்.