கார் யாருக்கு? ஒரு சிட்டைக் கதை

பொங்கலுக்குக் கொத்தமங்கலம் போயிருந்தபோது உறவுக்கார அக்கா ஒருவரும் வந்திருந்தார். சென்னையில் ஒருவரோடு கல்யாணம் செய்துகொள்ளாமலே நாலு வருடம் சேர்ந்து வாழ்ந்து, இப்போது பிரிந்துவிட்டார். இருவரும் சேர்ந்து வாங்கிய கார் ஒன்று இருக்கிறது. பாதித் தவணை அக்கா கட்டியது, ஆர்.சி. புத்தகமோ அந்த ஆள் பெயரில். திட்டுவிழும் என்று நினைத்தேன். அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "சிட்டை எழுதுனியா ஆத்தா?"

எங்கள் பக்கம் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் சிட்டையில் ஏறும். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை அதே வீட்டுக்குள் 'வேறு வைப்பார்கள்'. அடுப்பும் தனி, கணக்கும் தனி. உறவு நன்றாக இருக்கும்போதே யாருடையது எது என்று எழுதிவைப்பதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பி.காம் படிக்கிறவன் சும்மா இருப்பேனா? சட்டம் என்ன சொல்லி வந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன்.

பங்கு போடுவது பெரிய கஷ்டமில்லை. துண்டு போட்டால் கெட்டுப்போகும் சொத்தை விற்றுப் பணத்தைப் பிரிக்க 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டமே வழி சொல்லியிருக்கிறது. உனக்குப் பங்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதில் பழைய சட்டம் தாராளமாக இருந்தது. 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின் 82ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கினால், அது தானமாகக் கொடுத்ததல்ல என்று தெரிந்தால், பெயருக்குரியவர் பணம் கொடுத்தவருக்காகத்தான் அதை வைத்திருக்கிறார். 1988இல் பினாமி தடைச் சட்டம் வந்து அந்தப் பிரிவையே நீக்கியது. 'நான்தான் பணம் கொடுத்தேன்' என்று வழக்குப் போடவும் தடை. மனைவி பெயரிலும் மணமாகாத மகள் பெயரிலும் வாங்கினால் விலக்கு. (கணவன் பெயரில் மனைவி வாங்கினால்? அதைப் பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது!) 2016 திருத்தம் விலக்கைக் கணவன், மனைவி இருவருக்கும் விரித்தது. சேர்ந்து வாழ்பவர் அந்தப் பட்டியலில் இல்லை.

அதே 1988இல் வந்த மோட்டார் வாகனச் சட்டத்துக்கு, பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர். இதில் சுமையும் உண்டு. காரை விற்றும் பெயர் மாற்றாதவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தவணையில் பாதி கட்டியவருக்கு அந்தத் தலைவலி இல்லை. கார் பெயரில் இல்லை, அதனால் தலைவலியும் இல்லை என்று அக்காவிடம் சொன்னேன், முறைத்தார்.

கதவு கொஞ்சம் திறந்தது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில். 'திருமணம் போன்ற உறவில்' இருந்த பெண்ணுக்கும் அது பொருந்தும். அவருக்கு உரிமையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 19(8) பிரிவின்கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் வன்முறை நடந்திருக்க வேண்டும். சுமுகமாகப் பிரிந்தவர்களுக்கு அது உதவாது. எது 'திருமணம் போன்ற உறவு' என்பதை 2010இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது, கோவையிலிருந்து போன ஒரு வழக்கில்.

அந்தத் தீர்ப்பு அமெரிக்க நடிகர் லீ மார்வின் வழக்கையும் பேசுகிறது. மிஷெல் என்பவர் அவரோடு 1964 முதல் 1970 வரை வாழ்ந்துவிட்டுச் சொத்தில் பாதி கேட்டார். எழுதாத ஒப்பந்தமும், நடத்தையால் புரிகிற ஒப்பந்தமும்கூடச் செல்லும் என்று 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. உலகமே பேசியது. ஆனால் 1979 விசாரணையில் அப்படி ஒப்பந்தமே இல்லை என்றாகிவிட்டது. மறுவாழ்வுக்கென்று கொடுத்த 1,04,000 டாலரும் 1981 மேல்முறையீட்டில் ரத்து.

அக்காவின் வங்கிக் கணக்கைப் பார்த்தேன். மாதாமாதம் அந்த ஆளுக்குப் பணம் போயிருக்கிறது. எதற்கு என்று ஒரு இடத்திலும் இல்லை. வாடகைப் பங்கா, கைமாற்றா, அன்பளிப்பா, கார் தவணையா? குறிப்பேட்டுப் பதிவின் கீழ் விளக்கக் குறிப்பு எழுதாவிட்டால் எங்கள் கல்லூரியில் அரை மதிப்பெண் போகும்.

அக்கா வழக்குப் போடப் போவதில்லையாம். புது வேலைக்குப் பேருந்தில்தான் போகிறார்.