இருபத்துநான்கு மணி நேர ஓட்டமும் தமிழ்நாட்டு வீரர்களும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் வேகம் ஒன்றே பலருடைய நினைவுக்கு வரும். வேகம் மட்டும் போதாது, வண்டி பழுதின்றி நிற்கவேண்டும், செலுத்துவோனும் சோர்வின்றி நிற்கவேண்டும் என்று கேட்கும் பந்தயம் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டில் லெமான் என்னும் நகரத்தருகே 1923-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தொடங்கிற்று. பிற்பகலில் புறப்படும் வண்டிகள் இரவெல்லாம் ஓடி மறுநாள் பிற்பகலில் நிற்கும். அந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் மிகுந்த தூரம் சென்றவரே வென்றவர். முதலாண்டில் வென்ற லகாஷ், லெயோனார் என்னும் இரு பிரெஞ்சுக்காரர்களும் கடந்த தூரம் 2,209 கிலோமீட்டர். 2010-இல் வென்றவர்களோ அதே நேரத்திற்குள் 5,410 கிலோமீட்டர் ஓடினர்.

ஒரு வண்டியை ஒருவரே நாள் முழுதும் ஓட்ட முடியுமா? முயன்றவர் உண்டு. 1952-இல் பியேர் லெவே என்னும் பிரெஞ்சு வீரர் தம் கூட்டாளியிடம் வண்டியைக் கொடுக்க மனமின்றி, தாமே இருபத்திரண்டு மணி நேரத்திற்கும் மேலாக ஓட்டி முன்னணியில் நின்றார். வெற்றிக்கு ஒரு மணி நேரமே இருக்கையில் எஞ்சின் முறிந்தது. அவரே 1955-இல் மெர்சிடிஸ் வண்டியொன்றில் மீண்டும் வந்தார். அவ்வண்டி வேறொரு வண்டியில் மோதிப் பார்வையாளர் பகுதிக்குள் சிதற, எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், லெவேயும் மாண்டார். பந்தய வரலாற்றில் அதைப்போன்ற கொடிய நாள் வேறில்லை. இன்றைய விதிப்படி வண்டி ஒன்றிற்கு மூவர். ஆறு மணி நேரத்தில் நான்கு மணிக்கு மேல் எவரும் ஓட்டலாகாது. மொத்தம் பதினான்கு மணிக்கு மேலும் ஆகாது. ஆகவே இது தனி வீரனின் ஆட்டமன்று. தேர் நிலைக்கு வந்து சேர வடம் பிடித்தவர் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் அதில் பங்குண்டு.

இத்தகைய பந்தயத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு சோழவரத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னைக்கு வடக்கே அமைக்கப்பெற்ற விமான ஓடுதளம் போருக்குப் பின் வெறுமனே கிடந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதையே பந்தயக் களமாக்கிக்கொண்டது. பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வண்டிகள் அங்கே வந்து குவிந்த காலம் உண்டு. வெளிநாட்டு வண்டிகளை எளிதில் வாங்க இயலாத அந்நாளில், கிடைத்த எஞ்சினைப் பிரித்துக் கோத்துப் பந்தய வண்டியாக்கிய கைத்திறனை எவ்வளவு பாராட்டினும் தகும். கோவை கரிவரதன் மாருதி வண்டியின் உறுப்புகளைக்கொண்டே இளைஞர்க்கேற்ற பந்தய வண்டிகளை அமைத்தார். பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களம் எழுந்து, 1990 முதல் பந்தயங்கள் அங்கே நடைபெறலாயின. பெங்களூரிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே செல்லும் நம் குடும்பங்கள் யாவும் அதன் அருகாகவே செல்கின்றன. அறிந்து திரும்பிப் பார்ப்போர் சிலரே.

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியின் வாயிலாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் என்பதை யாவரும் அறிவர். 2009-இல் அவர் லெமானுக்குச் சென்றது பலர் அறியாத செய்தி. கோலஸ் அணியின் ஆடி வண்டியில் ஆந்திரே லோட்டரர், சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன் ஆகியோருடன் அவர் பெயர் பதிவாகியிருந்தது. பந்தயம் தொடங்குமுன், வண்டிகள் நிற்கும் இடத்துச் சுவரிலிருந்து குதிக்கையில் தவறி விழுந்து தோள்மூட்டு விலகிற்று. அவரால் ஓட்ட இயலாது என்று முடிவாயிற்று. மற்ற இருவருமே இருபத்துநான்கு மணி நேரத்தையும் பங்கிட்டு ஓட்டி, வண்டியை ஏழாவதாகக் கொண்டுவந்து சேர்த்தனர். லெமானில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமை ஒரு சிறு சுவரின் உயரத்தில் நழுவிப்போயிற்று! அந்த ஓட்டத்தால் லோட்டரருக்கு ஆடி நிறுவனத்தின் சொந்த அணியிலேயே இடம் கிடைத்தது. 2011, 2012, 2014 என மும்முறை அவர் லெமானில் வென்றார்.

அப்பெருமை மூன்றாண்டு கழித்துச் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்குக்கு வாய்த்தது. 2012 ஜூன் மாதத்தில் ஜே.ஆர்.எம். என்னும் ஆங்கிலேய அணியில், டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் அவர் ஓட்டினார். பிராபம் சாதாரணர் அல்லர். உலகப் பட்டத்தை மும்முறை வென்ற ஜாக் பிராபத்தின் மகன். நரேன் விழுந்த அதே 2009-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் வென்ற மூவருள் ஒருவர். 2012-இல் டொயோட்டா வண்டியொன்று காற்றில் பறந்து விழுந்து, அதை ஓட்டிய டேவிட்சன் என்பாரின் முதுகெலும்பு முறிந்தது. அத்தகைய களத்தில் கருணின் அணி மொத்தத்தில் ஆறாவதாக வந்தது. பெருநிறுவனங்களின் வண்டிகளுக்கெதிரே தனியார் அணி ஒன்று பெற்ற அந்த ஆறாமிடத்தைச் சிறிய பரிசு என்று நான் எண்ணவில்லை.

சந்தோக் தமிழ்ப் பெயரன்றே, அவரை நம்மவர் எனலாமோ என்று சிலர் கேட்கக்கூடும். அவருடைய குடும்பத்தின் வேர் வடநாட்டில். ஆயினும் பாட்டனார் இந்து சந்தோக் சென்னை மோட்டார் கிளப்பை நிறுவியோருள் ஒருவர்; தந்தையாரும் பந்தய வீரர்; கருண் பிறந்ததும் சென்னையே. தலைமுறை தலைமுறையாகக் கன்னட நாட்டில் வாழ்ந்து, இதையும் எம் ஊர் என்று உரிமையோடு சொல்லும் நாம் அக்கேள்வியைக் கேட்பது அழகாகாது.

மர்பி டவுன்வாசிகளுக்கு ஒரு வேடிக்கைச் செய்தியும் உண்டு. 2013, 2014, 2015 ஆகிய மூன்றாண்டுகளிலும் கருண் லெமானில் ஓட்டிய அயர்லாந்து அணியின் பெயர் மர்பி புரோட்டோடைப்ஸ்! அந்த மர்பி அணியின் உரிமையாளர்; நம் பேட்டைக்குப் பெயர் தந்த மர்பி வேறு. நம் பிள்ளைகளுக்கு இவ்விளக்கம் தேவைப்படாது. பெயரைக் கேட்டதுமே அணியைத் தமதாக்கிக்கொள்வர்.

திரைப்பட நடிகர் அஜித்குமார் 2025 ஜனவரியில் துபாய் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் தம் பெயரிலேயே அணி அமைத்து இறங்கியதை இளைஞர் நன்கறிவர். பயிற்சியில் வண்டி சுவரில் மோதி நொறுங்கியும் அவர் பின்வாங்கவில்லை. ஆயினும் தம் அணியின் வண்டியைத் தாம் ஓட்டாது கூட்டாளிகளிடம் ஒப்படைத்து, வேறொரு வண்டியில் ஓட்டினார். அவ்வணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. லெவே 1952-இல் செய்ய மறுத்ததை இவர் மனமுவந்து செய்தார் எனலாம்.

நரேனுக்கு லெமான் மீண்டும் வாய்க்கவில்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் துபாயிலும் அபுதாபியிலும் நடந்த ஆசிய லெமான் தொடரில், இந்தியரே மூவருமாக ஓட்டிய அணி ஒன்று இறங்கிற்று. அவருடன் இருக்கையைப் பகிர்ந்துகொண்டோர் நவீன் ராவும் அர்ஜுன் மைனியும். மைனி 2019-இலேயே லெமானில் ஓட்டியவர், பெங்களூர்ப் பிள்ளை.