இழுத்தால் வராது

ஒயர் முனையில் ஒரு பின், எதிரே ஒரு ஓட்டை. சொருகினால் கரண்ட் போகும், பிடுங்கினால் நிற்கும். இதில் வரலாறு எழுத என்னய்யா இருக்கு என்று கேட்கலாம். மருத்துவக் கருவிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எக்ஸ்ரே, இசிஜி, ஸ்கேன் என்று பெட்டிகளைத்தான் எழுதுகிறார்கள். எனக்குச் சுவாரசியமாக இருப்பது பெட்டிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு அங்குலம். சில குழந்தைகளின் உயிர் அந்த ஒரு அங்குலத்தில்தான் போனது.

முதலில் அந்த அங்குலமே கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் எய்ந்தோவன் இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்தபோது, அவருடைய கருவி சுமார் 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தொட்டியிலிருந்து ஒயர் நேராகக் கருவிக்குப் போகும். கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடியாது. அதனால் 1905இல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதயத்துடிப்பையே ஆய்வகத்துக்கு வரவழைத்தார். 1924இல் நோபல் பரிசு வந்தது. கருவியும் நகராது, பரிசோதனை முடியும்வரை நோயாளியும் நகரமாட்டார். அப்படியிருக்கையில் ஒயரைக் கழற்றி மாட்ட வேண்டிய தேவை எங்கிருந்து வரும்?

கருவி சிறுத்து, சக்கரம் முளைத்து, கட்டிலருகே வந்து நின்றபோதுதான் சிக்கல் தொடங்கியது. நோயாளியைக் குளிப்பாட்ட வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு முறையும் கழற்றணும், மாட்டணும். அப்போது கையில் இருந்த வழிகள் சில. மரைபோட்டுத் திருகும் இணைப்பான் உறுதியானது, ஆனால் நேரம் பிடிக்கும். சற்றே திருகிப் பூட்டும் பயோனெட் வகை வேகமானது, ஆனால் விரல் சுழல இடம் வேண்டும். வெறுமனே சொருகும் பிளக் சுலபம். யாராவது காலில் ஒயர் மாட்டினால் அதுவும் சுலபமாகவே கழன்றுவிடும்.

இதற்கு ஒரு நல்ல பதில் மருத்துவ உலகுக்கு வெளியிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் என்ற ஏரிக்கரை ஊரில் லெயோன் மூத்தே என்ற பொறியாளர் 1946இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு லெமோ என்று பெயர் வைத்தார். முதலில் அவர்கள் செய்தது அரிய உலோகங்களில் மின்தொடுமுனைகள். 1957இல் வந்தது தள்ளினால் பூட்டிக்கொள்ளும் புஷ்-புல் இணைப்பான்.

அதன் வேலை பார்க்க எளிமை. பிளக்குக்குள் வளைந்துகொடுக்கும் சிறு கொக்கிகள் உண்டு. தள்ளினால் அவை உள்ளே மடங்கி, சாக்கெட்டுக்குள் இருக்கும் பள்ளத்தை அடைந்ததும் விரிந்து பிடித்துக்கொள்ளும். 'கிளிக்' என்று ஒரு சத்தம். இனி ஒயரைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் வராது. வெளியே இருக்கும் உறையைப் பிடித்து இழுத்தால் மட்டும் அந்த உறை கொக்கிகளை உள்ளே அமுக்கும். பிளக் சட்டென்று வந்துவிடும். திருக வேண்டாம், ஒரு கை போதும், விரல் சுற்ற இடமும் வேண்டாம். அதனால் பத்து சாக்கெட்டுகளை நெருக்கியடித்து வைக்கலாம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் துகள் இயற்பியலாளர்கள் தங்கள் மின்னணு அடுக்குகளுக்கு இதன் மிகச் சிறிய வடிவத்தை விரும்பி எடுத்துக்கொண்டதற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம்.

எனக்கு இதில் பிடித்தது அந்தப் பாகுபாடுதான். இரண்டும் இழுப்புதான். ஒன்று தெரியாமல் நடப்பது, இன்னொன்று வேண்டுமென்றே செய்வது. எதை எங்கே பிடித்து இழுக்கிறீர்கள் என்பதை வைத்து உங்கள் எண்ணத்தை அந்த உலோகத் துண்டு புரிந்துகொள்கிறது.

மருத்துவமனைக்கு இது பொருந்தியதில் ஆச்சரியமில்லை. கையுறை போட்ட விரலாலும் கழற்றலாம். சத்தமே பூட்டியதற்கு அத்தாட்சி. ஒரு சிவப்புப் புள்ளியை இன்னொன்றோடு நேராக வைத்தால் பொருந்தும். தவறான கோணத்தில் நுழையவே நுழையாது. உள்ளே இருக்கும் சாவிப்பள்ளத்தின் அமைப்பை மாற்றினால், ஒரு கருவியின் பிளக் அடுத்த கருவிக்குள் போகாது. அறுவை அரங்குக்கு 134 டிகிரி நீராவியில் வேகவைத்தாலும் கெடாத வகைகள் வந்தன. நோயாளி பக்கம் உலோகமே வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறைகளும் வந்தன.

ஆனால் 'இழுத்தால் வராது' என்பது எல்லா இடத்திலும் நல்லதல்ல. நோயாளி ஒயரோடு கட்டிலிலிருந்து இறங்கிவிட்டால்? பூட்டிய இணைப்பான் விடாது; ஒன்று கருவி கீழே விழும், இல்லை நோயாளி விழுவார். அதனால் குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் தானாக விட்டுக்கொடுக்கும் வகைகளும் தேவைப்பட்டன. எது விடக்கூடாது, எது விட்டே ஆக வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

அப்படி யாரும் யோசிக்காமல் விட்ட ஒரு இடம் இருந்தது. விலையுயர்ந்த பெரிய இணைப்பான்களில் அல்ல. நெஞ்சில் ஒட்டும் மின்முனையிலிருந்து வரும் மெல்லிய, மலிவான ஒயரில். அதன் மறுமுனையில் வெறும் உலோகப் பின் நீட்டிக்கொண்டிருக்கும். அது கண்காணிப்புக் கருவியின் கேபிளுக்குள் போக வேண்டும். துரதிர்ஷ்டவசமாக, அதே பின் சுவரில் உள்ள மின்சாக்கெட்டுக்குள்ளும் போகும். கருவியிலிருந்து கழற்றிவிட்டு, மறுமுனையைச் சுவரிலேயே விட்டுவைத்த பவர் கார்டின் ஓட்டைக்குள்ளும் போகும்.

1986இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவமனை ஒன்றில் ஒரு குழந்தை இப்படி இறந்தது. 1993இல் சிகாகோவில் ஒரு பச்சிளங்குழந்தை. வீடுகளிலும் நடந்தது: மூச்சுத் திணறலைக் கவனிக்கும் கருவி மாட்டிய கைக்குழந்தையின் ஒயரை, விளையாட்டாக அண்ணனோ அக்காவோ சுவர் சாக்கெட்டில் சொருகிவிட்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவுக்கு 1985க்குப் பிறகு வந்த தகவல்களில், 24 குழந்தைகள் இப்படி மின்னதிர்ச்சிக்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களில் 5 பேர் இறந்தார்கள். மின்முனை என்பதே தோலின் தடையைக் குறைத்து இதயத்தின் சிறு துடிப்பைக்கூடப் பிடிப்பதற்காகச் செய்தது. இதயத்திலிருந்து வெளியே வரத் திறந்த பாதை வழியாகவே சுவர் மின்சாரம் உள்ளே போனது.

எச்சரிக்கை ஒட்டலாம், பயிற்சி கொடுக்கலாம், செவிலியரைக் குற்றம் சொல்லலாம். கடைசி வழிதான் எப்போதும் மலிவு. இரவுப் பணியில், மங்கலான வெளிச்சத்தில், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு ஒயர்களில் ஒன்றை எடுத்து மாட்டியவரை 'கவனம் இல்லையா' என்று கேட்பது சுலபம். ஆனால் அதே தவறு வேறு வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத ஆட்களின் கையில் நடந்தால், அதற்கு ஆட்களை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

1997 மே 9 அன்று எஃப்டிஏ விதியை வெளியிட்டது. நோயாளியோடு மின்தொடர்புள்ள ஒயரின் மறுமுனை, ஆபத்தான மின்னழுத்தத்தைத் தொடவே முடியாதபடி செய்யப்பட்டிருக்க வேண்டும். சில கருவிகளுக்கு 1998 மே வரை அவகாசம், மற்றவற்றுக்கு 2000 மே வரை. தீர்வு என்னவோ சிறியதுதான். பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை போடலாம். அல்லது ஓட்டையை நோயாளி பக்கமும் பின்னைக் கருவி பக்கமும் வைத்து ஆண், பெண் முனைகளை இடம் மாற்றலாம். அவ்வளவுதான்.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் ஷிகியோ ஷிங்கோ பரப்பிய ஒரு கருத்து உண்டு: தப்பாகப் பொருத்தவே முடியாதபடி பாகத்தைச் செய்துவிடுவது. அதை முதலில் 'பாகா-யோகே' என்றார்கள். முட்டாளைத் தடுப்பது என்று பொருள். தொழிலாளர்களைப் புண்படுத்தும் சொல் என்பதால் 'போகா-யோகே', அதாவது தவறைத் தடுப்பது என்று மாற்றினார். வெறும் சொல் மாற்றம்தானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முட்டாளைத் தேடினால் கடைசியில் ஒரு செவிலியர் வேலையிழப்பார், பின் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். தவறைத் தேடினால்தான் யாராவது குனிந்து அந்தப் பின்னைப் பார்ப்பார்கள்.

மூத்தேயின் இணைப்பான் 1957இலேயே சந்தையில் இருந்தது. கழற்றுபவரின் எண்ணத்தைப் பிரித்தறியும் அளவுக்கு நுட்பம் அப்போதே கையில் இருந்தது என்று அர்த்தம். சில ரூபாய் ஒயரின் நுனிக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி கட்டாயமாக இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. இடையில் தேவைப்பட்டது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, மலிவான பொருளையும் ஒருவர் மெனக்கெட்டு யோசிக்க வேண்டும் என்ற கட்டாயம். அந்தக் கட்டாயம் வருவதற்கு ஐந்து குழந்தைகள் இறக்க வேண்டியிருந்தது.