பழைய பிக்கப்பும் பிரேக் பைப்பும்

பழைய பிக்கப் வாங்குறவங்க எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்பாங்க. நான் முதலில் பிரேக் பைப் போகிற வழியைப் பார்ப்பேன்.

ஆதியில் இந்தப் பைப்பே கிடையாது. கம்பியும் ராடும்தான் பிரேக்கை இழுக்கும். நாலு சக்கரமும் ஒண்ணுபோலப் பிடிக்காது. வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும். 1917-இல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1921-இல் டூசன்பெர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் அது வந்தது. ஃபோர்டு கார்கள் 1939-இல்தான் மாறின.

எண்ணெய் வந்ததும் பிடி சமமாச்சு. ஆனால் பாதை ஒண்ணுதான். வாய்க்கால் கரை உடைஞ்சா கடைமடை காயுற மாதிரி, ஒரு பைப்பில் ஓட்டை விழுந்தாலும் நாலு சக்கரத்துப் பிரேக்கும் போயிடும். அதனால்தான் முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு எனப் பாதையைப் பிரிச்சாங்க. அமெரிக்காவில் 1968-இல் புதுக் கார்களுக்கு அது கட்டாயமாச்சு.

பழைய பிக்கப் பலவற்றில் ஒற்றைப் பாதைதான். மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி, சேஸ் ஓரமாகவே பின்னால் போங்க. ஆக்சில் மேலும் கீழும் ஆடுற இடத்தில் ரப்பர் ஹோஸ் இருக்கும். அதைத் தாண்டி பைப் ரெண்டாப் பிரிஞ்சு சக்கரங்களுக்குப் போகும். சேறு தங்குற கிளிப் அடியைத் தொட்டுப் பாருங்க. உரமூட்டை ஏத்தின வண்டின்னா துரு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது நம்ம உயிர் அந்தப் பைப்பில்தான் இருக்கு.